மேகம் ஏறுவதற்கு முன்: ரீயூனியன் தீவின் எரிமலையும் மலைக்கிராமங்களும்

ரீயூனியன் தீவில் ஊருக்கு ஊர் உள்ள தொலைவைக் கிலோமீட்டரில் பார்த்துப் பயணத்தை வகுத்தால், அந்தத் திட்டம் முதல் நாளிலேயே கலைந்துவிடும். மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில், மொரீசியஸுக்குத் தென்மேற்கே கிடக்கும் இந்தத் தீவின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர்தான். கடலோரமாகவே முழுத் தீவையும் சுற்றிவரும் சாலை 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். ஒரே நாளில் வலம் வந்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கடல்மட்டத்தில் கிளம்பும் சாலை ஒரு மணி நேரத்துக்குள் 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. வழியில் கரும்பு வயல் முடிந்து காடு தொடங்குகிறது, காடு முடிந்து புல்வெளி வருகிறது, அதுவும் முடிந்தபின் புல் பூண்டற்ற எரிமலைச் சாம்பல் வெளி வருகிறது. எனவே இங்கே கணக்கிட வேண்டியவை இரண்டு: போகும் இடத்தின் உயரம், அங்கே போய்ச் சேரும் நேரம்.

காரணம் மேகம். ஆண்டின் பெரும்பகுதியில் தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று கடலின் ஈரத்தை மலைச்சரிவில் ஏற்றிவிடுகிறது. விடியற்காலையில் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் மலைமுகடுகள், பெரும்பாலான நாள்களில் ஒன்பது பத்து மணிக்குள் வெண்திரைக்குப் பின்னால் போய்விடும். அதே காற்றினால்தான் கிழக்குக் கரை எப்போதும் நனைந்தும் மேற்குக் கரை காய்ந்தும் இருக்கின்றன. கிழக்கே சென்-ஆந்த்ரேயில் குடை பிடித்து நடந்த அதே பிற்பகலில் மேற்கே சென்-ஜில் கடற்கரையில் வெயில் கொளுத்துவது இங்கே புதுமையல்ல. மழையின் அளவுக்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு போதும். 2007-ல் கமேட் புயலின்போது எரிமலைக்குப் போகும் வழியிலுள்ள கொமேர்சோன் என்ற இடத்தில் மூன்றே நாள்களில் 3,900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது; அது உலகச் சாதனை. சென்னையின் ஓராண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும்.

தீவு முழுவதும் இரண்டு எரிமலைகளின் ஆக்கம். நடுவில் நிற்கும் பித்தோன் தெ நேஜ், சுமார் 3,070 மீட்டர் உயரத்துடன் இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே மிக உயர்ந்த சிகரம். பல ஆயிரம் ஆண்டுகளாக அது வெடிக்கவில்லை. அதைச் சுற்றி நிலம் சரிந்தும் மழையில் அரிக்கப்பட்டும் உண்டானவை சலாசி, சிலாவோஸ், மஃபாத் என்ற மூன்று பெரும் வட்டப் பள்ளத்தாக்குகள். தென்கிழக்கே இருப்பது 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ். உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் அதுவும் ஒன்று. இந்தச் சிகரங்களும் பள்ளத்தாக்குகளும் செங்குத்தான மதில்மலைகளும் 2010-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பார்க்க வேண்டிய இடங்கள் என்று எவர் எந்தப் பட்டியல் தந்தாலும், அவை ஏதோ ஒருவகையில் இந்த இரண்டு மலைகளுக்குள் அடங்கிவிடும்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம், நாணயம் யூரோ. ஆனால் அது ஷெங்கன் பகுதிக்குள் வராது. ஆகவே ஐரோப்பாவுக்கு எடுத்த விசா இங்கே தானாகவே செல்லும் என்று எண்ணாமல், ரீயூனியன் என்று குறிப்பிட்டே பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். மொரீசியஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம். நல்ல பருவம் மே முதல் நவம்பர் வரை. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டால் எவரும் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்பது சட்டம். விடுமுறையில் பாதி, அறைச் சுவரைப் பார்த்தே கழிந்துவிடும். கடலோர ஊர்களுக்குப் பேருந்து உண்டு என்றாலும், விடியற்காலையில் மலையில் நிற்க வேண்டுமானால் வாடகைக் கார் தவிர வேறு வழியில்லை. வண்டி வலப்பக்கம் ஓடும். சிறிய வண்டியாக, ஆனால் ஏற்றத்தில் திணறாத எஞ்சினுடன் எடுப்பது நல்லது. ஆங்கிலம் பேசுவோர் குறைவு; நாங்கள் சமாளித்ததெல்லாம் என் மனைவி புதுச்சேரியில் படித்த பிரெஞ்சு மொழியால்தான்.

எரிமலைக்கு வருவோம். தெற்குக் கரையில் சென்-பியரில் தங்கியிருந்தால், நான்கரை மணிக்குக் கிளம்பித் தம்போன் வழியாகப் பூர்-முரா என்ற மலையூரைக் கடக்க வேண்டும். அங்கே எரிமலைக்கான அருங்காட்சியகமும் கண்காணிப்பு நிலையமும் இருக்கின்றன. 1977-ல் எரிமலைக்குழம்பு கிழக்குக் கரையில் உள்ள பித்தோன் சேந்த்-ரோஸ் கிராமத்துக்குள் புகுந்ததன் விளைவாகவே அந்தக் கண்காணிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. இன்று நிலம் சில மில்லிமீட்டர் உப்பினாலும் அதன் கருவிகள் அறிந்துவிடுகின்றன. அருங்காட்சியகத்தை மலையிலிருந்து திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். போகும்போது ஒரு நிமிடமும் வீணாக்க வேண்டாம்.

ஊரைத் தாண்டி மாடு மேயும் புல்வெளிகளில் ஏறிச் சென்றால், ஒரு திருப்பத்தில் நிலம் அப்படியே கீழே விழுகிறது. அங்கே விரிவது பிளேன் தெ சாப்ள் என்ற சமவெளி. செம்பழுப்பும் கருமையுமான எரிமலைப் பொடி, நடுவே ஒற்றைக் கோடாகச் செல்லும் மண்பாதை, வேறு எதுவும் இல்லை. கதிரவன் எழும் நேரத்தில் அந்த நிலத்தின் நிறம் நிமிடத்துக்கு நிமிடம் மாறியது. மேலே நிறுத்தி அரை மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினோம். அந்த மண்பாதையில் குழிகள் மிகுதி. இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் இருப்பது டயருக்கும் இடுப்புக்கும் நல்லது. பாதையின் முடிவில் 2,311 மீட்டர் உயரத்தில் பா தெ பெல்கோம்ப். அதற்கு அப்பால் வண்டிக்கு வழியில்லை.

அங்கிருந்து பார்த்தால் செங்குத்தான மதிலுக்குக் கீழே, எரிமலையின் மையக்கூம்பைச் சூழ்ந்த பெரும் பள்ளம் தெரியும். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் இறங்கினால் அதன் தரையில் கால் வைக்கலாம். முதலில் எதிர்ப்படுவது ஃபொர்மிகா லியோ. 1753-ல் உண்டான, வீட்டளவே உள்ள செந்நிறச் சிறு கூம்பு. குழந்தைகளுடன் வருவோர் அதுவரை போய்த் திரும்பினாலே போதும், மனநிறைவு கிடைக்கும். அதைத் தாண்டித் தொலோமியூ என்ற பெரிய எரிமலை வாயின் விளிம்பு வரை போய்வர ஐந்து மணி நேரமாவது ஆகும். 2007 ஏப்ரலில் அந்த வாயின் அடித்தளமே 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. விளிம்பில் நிற்கும் இடமும் தடுப்பும் அதற்குப்பின் அமைக்கப்பட்டவை. வழி முழுவதும் உறைந்த எரிமலைக்குழம்பின் மேல் நடக்க வேண்டும். சில இடங்களில் அது கயிறு கயிறாகச் சுருண்டு வழவழப்பாக இருக்கும். சில இடங்களில் உடைந்த கல்லாகச் செருப்பின் அடியைக் கிழிக்கும். பாதை என்று தனியாக எதுவும் இல்லை. பாறையில் இட்ட வெள்ளைச் சாயப் புள்ளிகள்தான் வழிகாட்டி. மேகம் இறங்கிவிட்டால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையிலேயே திசை தெரியாமல் போகும். எனவே ஆறரை மணிக்குள் படியிறங்கத் தொடங்காதவர்கள் விளிம்பு வரை போகும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. ஜூலை ஆகஸ்டில் காலைக் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். தீவு விடுமுறைக்கென்று பருத்திச் சட்டையோடு வந்தவர்கள் வாகன நிறுத்தத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். கம்பளிச் சட்டை, தடித்த அடியுள்ள காலணி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஆகியவை கட்டாயம். மேலே நிழலும் இல்லை, நீரும் இல்லை.

வெடிப்பு தொடங்கினாலும், தொடங்கும் அறிகுறி தெரிந்தாலும், படிக்கட்டுக்கு முன்னுள்ள கதவைப் பூட்டிவிடுவார்கள். அப்போது தொலைவிலிருந்து, அனுமதிக்கப்பட்ட இடங்களிலிருந்து மட்டுமே பார்க்க முடியும். வெடிப்பைப் பார்த்தே தீர வேண்டும் என்று நாள் குறித்து வருவது பயனற்றது. அது வருவதும் போவதும் மலையின் விருப்பம்.

மலையின் மறுபக்கம், குழம்பு கடலை நோக்கி ஓடும் சரிவுக்குக் கிராண் பிரூலே என்று பெயர். சேந்த்-ரோஸிலிருந்து சென்-ஃபிலிப் போகும் கடலோரச் சாலை இதன் குறுக்கே செல்கிறது. குழம்பு சாலையை மூடுவதும், ஆறியபின் அதன்மேலேயே புதிய சாலை போடுவதும் இங்கே வழக்கமாகிவிட்டன. ஒவ்வொரு குழம்போட்டத்துக்கும் அருகில் அதன் ஆண்டைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சாலையை விரைந்து கடந்துவிடாமல், பலகைக்குப் பலகை நிறுத்தி இறங்கிப் பார்க்க வேண்டும். பழைய ஓட்டத்தில் மரங்களே வளர்ந்து நிற்கின்றன. சற்றுப் பின்னதில் பெரணியும் புதரும். புதியதில் சாம்பல் நிறப் பாசிப் பூச்சு மட்டும். கற்பாறை எப்படிக் காடாகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைக்குக் காட்ட இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. 2007 ஓட்டம் எல்லாவற்றிலும் பெரியது. கடலுக்குள் புதிய நிலத்தையே சேர்த்த அந்தக் குழம்பின் உட்பகுதி மழை பெய்தால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

இந்தச் சாலையில் எல்லோரும் நிறுத்தும் இடம், பித்தோன் சேந்த்-ரோஸ் கிராமத்து மாதா கோயில். 1977 ஏப்ரலில் குழம்பு வழக்கமான பள்ளத்தைவிட்டு வெளியேறி, ஊருக்குள் இறங்கி வீடுகளை எரித்தது. கோயிலுக்கு எதிரே இருந்த காவல் நிலையமும் அழிந்தது. கோயில் வாசலுக்கு வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து, சுவர்களின் இருபுறமும் ஓடிவிட்டது. இன்று வாசலில் நின்று பார்த்தால், முன்படியை ஒட்டிக் கருங்கல் மேடு இடுப்பளவுக்கு எழும்பி, அப்படியே நின்றுவிட்டது தெரிகிறது. பக்கச் சுவரோரமாக நடந்து போனேன். சுவருக்கும் குழம்புக்கும் நடுவே கையை நுழைக்கும் அளவுக்குத்தான் சில இடங்களில் இடைவெளி. கல்லின் மேல்தோலில் நுரைக்குமிழ்கள் உடைந்த துளைகள் இருந்தன. அவற்றுள் மழைநீர் தேங்கி, ஒரு துளையில் சிறு பெரணி முளைத்திருந்தது. உள்ளே அந்த நாளின் செய்தித்தாள் நறுக்குகளும் படங்களும் உண்டு. ஊர்க்காரர்கள் அதை அற்புதம் என்கிறார்கள். நிலத்தின் சாய்வு என்று சொல்வோரும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பாரும் அங்கே வந்து மெழுகுவத்தி ஏற்றத்தான் செய்கிறார்கள்.

அதே சாலையில் சற்றுத் தெற்கே ஆன்ஸ் தெ காஸ்காத் என்ற கடற்குடா. மலைச்சுவரிலிருந்து அருவிகள் விழ, பனைமர நிழலில் மீனவர் படகுகள் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே இடம் கிடைக்காது. தீவு மக்கள் ஞாயிறு விடிந்ததும் பெரிய பெரிய அலுமினியப் பாத்திரங்கள், பாய், விறகு சகிதம் மர நிழலைப் பிடித்துவிடுகிறார்கள். சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் அங்கேதான். கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு நாளில் வரலாம். நாங்கள் ஞாயிறன்றுதான் போனோம். இந்த மக்களை அறிய அதுவே சரியான நாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிழக்குக் கரையில் வடக்கே போகப் போக, கரும்பு வயல்களுக்கு மேலே கோபுரங்கள் தலைகாட்டும். 1848 டிசம்பர் 20-ஆம் தேதி இங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்பு ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது, புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழகத்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டனர். 1860-ல் பிரிட்டனுடன் செய்த உடன்பாட்டினால் ஆள்பிடிப்பு இன்னும் விரிந்தது. நடத்தப்பட்ட விதம் பற்றிய புகார்களால் 1882-ல் நின்றது. அவர்களின் வழிவந்தோரை இங்கே மல்பார் என்கிறார்கள். ராமசாமி, வேலாயுதம் போன்ற பெயர்களைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் கடைப் பலகைகளிலும் தேர்தல் சுவரொட்டிகளிலும் பார்க்கலாம். பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழியில்தான்.

சென்-ஆந்த்ரேயில் கொலோஸ் கோயிலுக்குப் போன காலையில், தட்டில் தேங்காயும் கற்பூரமுமாக வந்த முதிய அம்மையார் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இந்தியாவா என்று கேட்டார். தம் பாட்டனாருக்கும் பாட்டனார் காரைக்காலில் கப்பலேறியதாகக் கேள்வி என்றும், எந்த ஊர் என்று சொல்ல வீட்டில் எவரும் இல்லை என்றும் கூறினார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, சந்நிதியில் பாடிக்கொண்டிருந்த பாட்டின் பொருளைக் கேட்டார். மாரியம்மன் தாலாட்டு அது. ஒவ்வொரு வரியாகப் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, தலையாட்டிக்கொண்டே இருந்தார். பாட்டு அவருக்கு முழுவதும் மனப்பாடம். பொருள்தான் அன்றுவரை தெரியாது. இங்கே திரௌபதியைப் பாண்டியாலே என்கிறார்கள். அவளுக்கான தீமிதி ஆண்டிறுதியை ஒட்டிப் பல ஊர்களில் நடக்கிறது. தைப்பூசக் காவடியும் தீபாவளியும் ஊரே கூடும் விழாக்கள். கோயிலுக்குள் தோல் பொருள் எதுவும் கூடாது என்பதில் நம் ஊரைவிடக் கண்டிப்பு அதிகம். இடுப்பு வாரையும் கழற்றச் சொன்னார்கள். படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

சென்-ஆந்த்ரேயிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிரா-பனோன். அங்குள்ள வனிலாக் கூட்டுறவுச் சங்கத்தில் வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கலாம். வனிலாக் கொடி மெக்சிகோவிலிருந்து வந்தது. அதன் பூவை மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சி இங்கே இல்லாததால் நெடுங்காலம் காய் பிடிக்கவில்லை. 1841-ல் சேந்த்-சூசானில் எத்மோன் அல்பியூஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியால் பூவுக்குள் உள்ள மடலைத் தூக்கி, மகரந்தத்தை விரலால் அழுத்திச் சேர்க்கும் முறையைக் கண்டான். இன்றும் உலகம் முழுவதும் அதே முறைதான். பூ ஒரு காலைப் பொழுதுதான் மலர்ந்திருக்கும் என்பதால், பருவத்தில் நாள்தோறும் கொடிக்குக் கொடி ஆள் நடக்க வேண்டும். விலை ஏன் அவ்வளவு என்று அங்கே கேட்க வேண்டியதே இருக்காது.

சென்-ஆந்த்ரேயில் மலைப்பக்கம் திரும்பும் சாலை ஆற்றை ஒட்டியே சலாசிப் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. மூன்று பள்ளத்தாக்குகளில் இதுதான் மிகவும் பசுமையானது. சாலையோரச் சுவரெல்லாம் அருவி. வீட்டுக்கு வீடு பந்தல் போட்டுச் சௌசௌ விளைவிக்கிறார்கள். பந்தலை விட்டு இறங்கிய கொடி மலைச்சரிவையே மூடிக்கிடக்கிறது. காயும் கறிதான், கொழுந்தும் கீரைதான். கொடியின் நாரைக்கொண்டு தொப்பிகூட முடைகிறார்கள்.

சலாசியின் உள்ளே 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் எல்-பூர், பிரான்சின் அழகிய கிராமங்கள் என்ற பட்டியலில் இடம்பெற்ற ஊர். 1830-களில் வெந்நீர் ஊற்று கண்டறியப்பட்டதும் செல்வர்கள் இங்கே கோடை வீடு கட்டினர். 1948 புயலில் மண் சரிந்து ஊற்று அடைபட்டது. வீடுகள் மட்டும் நின்றன. கூரை விளிம்பில் சரிகை போல் வெட்டிய தகட்டு வேலைப்பாடு, தெருமுனையில் மதிலோடு சேர்த்துக் கட்டிய சிறு கொட்டகை. நம் ஊர்த் திண்ணைக்கு உள்ள வேலைதான் அந்தக் கொட்டகைக்கும்: வீட்டுக்குள்ளே இருந்தபடியே தெருவில் போவோர் வருவோரைப் பார்ப்பது. மேசோன் ஃபோலியோ என்ற வீட்டை உள்ளே சென்று பார்க்கலாம். பகலில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து போகும்; ஊரைப் பார்க்க விரும்புவோர் அங்கேயே ஓரிரவு தங்க வேண்டும். ஐந்து மணிக்குப் பிறகு தெரு ஊர்க்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

மஃபாத்துக்கு மட்டும் சாலை இல்லை. முற்காலத்தில் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த பள்ளத்தாக்கு அது. பின்னர் நிலமற்ற ஏழைகள் குடியேறினர். இன்றும் சில நூறு பேர் சிறு சிறு மேட்டுக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அரிசி, எரிவாயு உருளை, சிமெண்டு எல்லாம் ஹெலிகாப்டரில் வருகின்றன, மனிதர்கள் நடக்கிறார்கள். தபால்காரர் ஒருவர் சுமார் 40 ஆண்டுகள் இந்தப் பாதைகளில் நடந்தே கடிதம் சேர்த்தார். மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்து.

உள்ளே போவதற்கு மிக எளிய வழி, சலாசியின் கிராண் இலே கிராமத்துக்கு மேலே உள்ள கொல் தே பஃப் கணவாய். மேலே காவலுள்ள கட்டண வாகன நிறுத்தம் இருக்கிறது. இரவு தங்குவதாக இருந்தால் வண்டியை அதற்குள்ளேயே விட வேண்டும். கணவாயிலிருந்து மரக்கட்டைப் படிகளில் இறங்கினால், பாசி தொங்கும் மலைமரக் காடு. அதைத் தாண்டி லா நூவெல் என்ற குடியிருப்பு. இரண்டு மணி நேர நடை. திரும்பும் வழி முழுவதும் ஏற்றம் என்பதால் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். லா நூவெலில் பள்ளிக்கூடம், ரொட்டிக் கடை, சில மளிகைக் கடைகள் உண்டு. ஒரு புட்டி நீருக்குக் கடற்கரையைவிட விலை கூடுதல். ஹெலிகாப்டர்க் கூலி அதில் அடங்கியிருக்கிறது, பேரம் பேசக் கூடாது. ரொக்கமாக யூரோ கையில் இருக்கட்டும். உங்கள் குப்பை உங்களுடனேயே திரும்ப வேண்டும்.

தங்கும் விடுதிகளை முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். பள்ளி விடுமுறை நாள்களில் மாதக்கணக்கில் முன்னதாக. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு, எல்லோருக்கும் ஒரே நீள மேசையில். பெரிய சட்டியில் சோறு, சிவந்த கோழிக் கறி, மொச்சை போன்ற பருப்பு, முருங்கைக்கீரை, தக்காளியும் மிளகாயும் இடித்த துவையல். சைவர்கள் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். பருப்பிலும் சில வீடுகளில் புகையூட்டிய இறைச்சித் துண்டு சேர்ப்பதுண்டு. எங்கள் விடுதியை நடத்திய அம்மையார், இறைச்சி போடாத பருப்பைத் தனிச் சட்டியில் வைத்திருந்தார். துவையலை மட்டும் எச்சரித்துவிட்டு எங்கள் பக்கம் நகர்த்தினார். நாங்கள் இரண்டாம் முறை எடுத்துக்கொண்டதைப் பார்த்து மேசையிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் வியந்தனர். நடக்க முடியாதவர்கள் மேற்குப் பக்கத்தில் சுமார் 2,200 மீட்டர் உயரத்துக்குக் காரிலேயே ஏறி, மைதோ முகட்டிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதையும் காணலாம். எட்டு மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். பத்து மணிக்கு வருவோருக்குக் கிடைப்பது வெள்ளைச் சுவர்தான்.

சிலாவோஸுக்குச் சென்-லூயியிலிருந்து 400-க்கும் மேற்பட்ட வளைவுகளுடன் ஒரு சாலை ஏறுகிறது. ஒரு வண்டி மட்டுமே நுழையும் குகைவழிகளில் ஒலியெழுப்பிவிட்டு நுழைய வேண்டும். எதிரே பேருந்து வந்தால் பின்னோக்கிப் போக வேண்டியவர் நீங்கள்தான். வாந்தி வருவோர் வெறும் வயிற்றிலும் போகக் கூடாது, வயிறு முட்டவும் உண்ணக் கூடாது. 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். சிறு மணியான பருப்பும், நூலிழைகளை உருவிச் செய்யும் வெள்ளை எம்பிராய்டரியும் அதன் பெருமை. பருப்பு விலை திகைக்க வைக்கும்; மேட்டு வயல்களில் எல்லாம் கைவேலை. பித்தோன் தெ நேஜ் சிகரத்துக்கு ஏறுவோர் இங்கிருந்து கிளம்பி, வழியில் 2,478 மீட்டர் உயரத்திலுள்ள விடுதியில் உறங்கி, பின்னிரவில் விளக்குடன் ஏறிச் சூரிய உதயத்தைப் பார்க்கிறார்கள். நாங்கள் ஏறவில்லை.

கடற்கரை பற்றி அதிகம் சொல்ல இல்லை. மேற்கே பவளத்திட்டுக்கு உட்பட்ட லெர்மிதாஜ் கடலேரியில் இடுப்பளவு நீரில் மீன்களைப் பார்த்தபடி குளிக்கலாம். பவளத்தை மிதிக்கக் கூடாது. லெதாங்-சாலேயின் மணல் கறுப்பு, நண்பகலில் வெறுங்காலுடன் நடக்க முடியாது. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2011 முதல் நிகழ்ந்த சுறாத் தாக்குதல்களில் பலர் இறந்தனர். 2013 முதல் கடலேரிக்கும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கும் வெளியே குளிப்பதற்குத் தடை உள்ளது. நீர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும், எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் காலைக்கூட நனைக்க வேண்டாம். கொசு விரட்டியும் பையில் இருக்கட்டும். 2005-06-ல் தீவு மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைச் சிக்குன்குனியா பிடித்தது, 2025-லும் அது திரும்ப வந்தது.

தங்குமிடத்தை ஒரே ஊரில் வைத்துக்கொண்டு நாள்தோறும் தீவைக் குறுக்காகக் கடப்பது வீண் அலைச்சல். தலைநகர் சென்-தெனியைச் சுற்றிக் காலையும் மாலையும் வண்டிகள் நகராது. தெற்கே சென்-பியரில் சில இரவுகள் தங்கினால் எரிமலை, குழம்புச் சாலை, சிலாவோஸ் மூன்றும் கைக்கெட்டும் தூரம். பிறகு எல்-பூரில் தங்கினால் சலாசி, மஃபாத், சென்-ஆந்த்ரே. கடைசி நாள்களை மேற்குக் கரைக்கு ஒதுக்கலாம். மைதோவுக்கும் அங்கிருந்தே ஏறலாம். மலையை முதலிலும் கடலைக் கடைசியிலும் வைப்பதில் ஒரு வசதி உண்டு. எரிமலையில் ஒரு காலை மேகத்தால் கெட்டுப்போனால், கடற்கரை நாளொன்றை எடுத்து அதற்குக் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு நாளும் முந்தைய இரவில் வானிலையைப் பார்த்து, மறுநாளுக்கு மலையா கரையா என்று முடிவு செய்துகொண்டோம். முன்பணம் கட்டிய விடுதிகளைத் தவிர வேறெதையும் தேதியோடு கட்டிப்போடவில்லை.